என் சீட்டியைத் திருப்பிக் கொடு

மார்ச் 4

அண்ணாவுக்கு,

இது அப்பாவுக்கு எழுத வேண்டிய கடிதம். ஆனால் அப்பாவுக்கு எழுதினாலும் அவர் கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், கடைசியில் உன்னைத்தான் படிக்கச் சொல்வார். நீ பாதியை விழுங்கிவிட்டு "எல்லாரும் சௌக்கியமாம்" என்று முடித்துவிடுவாய். அதனால் நேராக உனக்கே எழுதுகிறேன். போன அறுவடைக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து நான் உன்னோடு பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

விஷயம் இதுதான். குழந்தைக்குப் பேச்சு வர ஆரம்பித்துவிட்டது. நேற்று என் கையில் இருந்த ரொட்டியைக் காட்டி "தா" என்றாள். இங்கே எல்லாரும் குதித்தார்கள். நான் மட்டும் நாளை எண்ண ஆரம்பித்தேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? பேச்சு முழுசாக வருவதற்குள் சீட்டி வைத்துவிட வேண்டும். பேர் சொன்னால் திரும்பப் பழகிவிட்ட பிள்ளைக்கு அப்புறம் சீட்டி ஒட்டவே ஒட்டாது.

இதை இந்தப் புகுந்த வீட்டில் விளக்குவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. அத்தையை உட்கார வைத்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிலம் அவ்வளவு நீளம், கத்தினால் தொண்டைதான் போகும். அதனால் தாத்தா காலத்திலிருந்து ஆளுக்கு ஒரு சீட்டி. முதல் இரண்டு ஒலி எல்லாருக்கும் பொது, அது வீட்டுடையது. அதற்குப் பிறகு வருவது அவரவருடையது. பிறந்த பிள்ளைக்கும் உண்டு, கல்யாணமாகி வந்த மருமகளுக்கும் உண்டு. வீட்டுப் பெரியவர் சோளக்காட்டு ஓரத்தில் நின்று ஊதுவார். பிள்ளை தலையைத் திருப்பினால் அது அந்தப் பிள்ளையுடையது. சாகும்வரை அதனுடையது, செத்த பிறகும் அதனுடையது. அம்மாவின் சீட்டியை நாம் வேறு யாருக்காவது வைத்தோமா?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா சீட்டி? இந்த வீட்டுல ஏற்கெனவே ஒருத்தன் விசில் ஊதறான், அது பத்தாதா?" என்றார். உன் மாப்பிள்ளை பஸ் கண்டக்டராக இருப்பதைச் சொல்லிக் காட்டுகிறாராம்.

அப்படிப்பட்ட சீட்டியைத்தான், என் சீட்டியைத்தான், நீ ஒரு நாய்க்குக் கொடுத்தாய். அன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைத் திருப்பத்துக்கு வந்தபோது என் சீட்டி கேட்டது. அண்ணன் பார்த்துவிட்டான், கூப்பிடுகிறான் என்று பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தேன். எனக்கு முன்னால் அந்த மேஸ்திரி ஓடிப்போய் உன் காலைச் சுற்றுகிறது. நாய்க்குப் பேர் வேறு மேஸ்திரி! நீ அதன் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறாய். நான் வந்து நிற்பதுகூட உனக்குத் தெரியவில்லை.

போகட்டும். அப்பாவை ஒரு நாள் பஸ் ஏற்றி இங்கே அனுப்பு. எங்கள் மொட்டை மாடியில் நின்று ஊதட்டும். நான் அங்கே வரமாட்டேன். ஒரு சீட்டிக்கு இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்க முடியாது. நானா அதுவா என்று முடிவு செய்து எழுது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

தங்கச்சி

மார்ச் 11

வாலுப் பெண்ணுக்கு,

கடிதம் வந்தது. அப்பா சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஒரு வரி விடாமல் படித்தேன். நாய் வருகிற இடத்தில் அவர் சிரித்தார். அதற்கும் என் மேல் கோபிக்காதே.

அப்பா வர முடியாது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பல்தான். போன மழைக்காலத்தில் மேல் வரிசை முழுக்க எடுத்துவிட்டு செட் மாட்டினார்கள். செட்டோடு ஊதினால் வெறும் காற்று வருகிறது. செட் இல்லாமல் ஊதினால் அதுவும் வருவதில்லை. உன் கடிதத்தைக் கேட்ட ரோஷத்தில் தொழுவத்தில் நின்று தம் கட்டி ஒரு ஊது ஊதினார் பார், செட் பறந்து போய்த் தீவனத் தொட்டியில் விழுந்தது. செவலை மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணி அதை வெந்நீரில் அலசிக் கொடுத்தாள்.

அதனால் ஊத வேண்டியவன் இப்போது நான்தான். நான் இதுவரை யாருக்கும் சீட்டி வைத்ததில்லை. அண்ணிக்கு வைத்தது அப்பா, உனக்கு வைத்தது அப்பா. அவர் தாடையைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆளைப் பார்ப்பார், பிறகு ஊதுவார், அது சரியாக இருக்கும். எனக்குத் தாடையைத் தேய்க்க மட்டும் வருகிறது.

நாய் விஷயம். நீ எழுதியிருப்பது போல நான் கொடுக்கவில்லை. அது எடுத்துக்கொண்டது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நானா அதுவா என்று கேட்டிருக்கிறாய். அது மாடு ஓட்டுகிறது, முயலை விரட்டுகிறது, கோழிக்கூண்டைக் காவல் காக்கிறது. நீ என்ன செய்கிறாய்? (இந்த வரியை எழுதாதே என்று அண்ணி சொன்னாள்.)

பிள்ளைக்கு ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். எழுதுகிறேன், நீயே ஊதிக்கொள். முதல் இரண்டும் நம் வீட்டுடையது. அப்புறம் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி கீழே போக வேண்டும். தண்ணீரைத் தொட்டதும் நிற்க வேண்டும். பிறகு சட்டென்று ஒரு துள்ளல். மீன் துள்ளுகிற துள்ளல் இல்லை, தவளை துள்ளுகிற துள்ளல். வித்தியாசம் உனக்கே தெரியும். காற்று இல்லாத நேரமாகப் பார்த்து மாடியில் ஊது.

அண்ணி போட்ட பூசணிக்கொடி வேலியைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டது. காய் யாருக்கு என்று பேச்சுவார்த்தை நடக்கிறது.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

மீன் துள்ளலுக்கும் தவளைத் துள்ளலுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தை அடுப்புமேடையில் விரித்து வைத்துக்கொண்டு ஊதினேன். வாளி இறங்கியது. தவளை வரவில்லை. உன் மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்து, "கொஞ்சம் தள்ளு, நான் பாக்கறேன்" என்றார். தினமும் ஊதுகிறவர்தானே என்று நம்பி இடம் கொடுத்தேன். அவருக்கு வாயால் ஊதத் தெரியாதாம்! கல்யாணமாகி இத்தனை நாள் கழித்து இப்போதுதான் இது வெளியே வருகிறது. பெண் பார்க்க வந்தபோதே நீ கேட்டிருக்க வேண்டாமா? உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்த்தார், எச்சில்தான் தெறித்தது. கடைசியில் சட்டைப்பையிலிருந்து கண்டக்டர் விசிலை எடுத்து, அதில் வாளியை இறக்கினார். கீழே தெருவில் போய்க்கொண்டிருந்த வேன் ஒன்று அப்படியே நின்றுவிட்டது. குழந்தை கை தட்டினாள். தலையைத் திருப்பவில்லை.

அத்தை அதுவரை முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். "என்னடா ஊதறீங்க? வாளி எறங்கும்போது சக்கரம் கிறீச்சுனு கத்துமே, அத விட்டுட்டீங்களே" என்று சொல்லி, உதட்டைக் குவித்து ஊதினார். அண்ணா, சுத்தமான சீட்டி! நம் அப்பா பல் இருந்த காலத்தில் ஊதின மாதிரி இருந்தது. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் முகம்தான் சிவந்தது. ஆனால் அந்தக் கிறீச்சைக் கேட்டுக் குழந்தை பயந்து வீறிட்டாள். தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று பால்காரர் மாடி ஏறி வந்துவிட்டார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அத்தை வேண்டாத பாலை வாங்கி வைத்தார்.

ஆக, தபாலில் சீட்டி வராது. பஸ் டிப்போ போனிலிருந்து உங்கள் தீவனக் கடை போனுக்குப் பேசலாமே என்கிறார் உன் மாப்பிள்ளை. அந்தக் கடைக்காரர் முன்னால் நின்று நீ ஊதுவாயா? ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவர் கடையை மூடுவார்.

குழந்தை இப்போது "பா" என்கிறாள், "போ" என்கிறாள். அத்தை வேறு அவள் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்குகிறார். அவர் வாயை நான் பொத்தாத குறைதான். என் பிள்ளை நம் வீட்டுச் சீட்டி இல்லாமல் வளர்ந்துவிடுவாளோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது. நம் வீட்டிலிருந்து அவளுக்கு நான் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது? மூக்கைத் தவிர. அது அப்பா மூக்கு, பாவம்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். "அது எடுத்துக்கொண்டது" என்றால் என்ன அர்த்தம்? ஒரு நாய் சீட்டியை எப்படி எடுத்துக்கொள்ளும்? ஊத ஒரு ஆள் வேண்டுமே. நான் கல்யாணமாகிப் போன பிறகு என் சீட்டியை ஊத உனக்கு அங்கே என்ன வேலை?

தங்கச்சி

ஏப்ரல் 2

வாலுப் பெண்ணுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதாவிட்டால் இன்றைக்குச் சாப்பாடு கிடையாது என்று அண்ணி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அதனால் எழுதுகிறேன்.

உன் கல்யாணம் முடிந்து நீ போனாய். நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உட்கார்ந்து அழுதேன் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே. சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, சோளக்காட்டு ஓரத்துக்கு வருவேன். அங்கே வந்து நின்றால் என் வாய் என்னைக் கேட்காமலே உன் சீட்டியை ஊதிவிடும். சின்ன வயதிலிருந்து உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவது என் வேலைதானே. நீ ஓடைக்கரையில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருப்பாய். ஊதினால் மடி நிறையக் கல்லோடு வருவாய், அதை வீட்டுக்குள் கொண்டு வராதே என்று அம்மா திட்டுவாள். அந்தப் பழக்கம். ஊதி முடித்த பிறகுதான், அடச் சீ, அவள் இங்கே இல்லையே என்று உறைக்கும். வெட்கமாக இருக்கும். யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பேன். மறுநாளும் அதையேதான் செய்வேன்.

ஒரு நாள் அப்படி ஊதினேன். ஓடைப் பக்கம் சோளத்தட்டை அசைந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீதான் வருகிறாய் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன், பைத்தியக்காரன். பார்த்தால் ஒரு நாய்க்குட்டி. ஒரு காது மடங்கி, உடம்பெல்லாம் சேறு. எவன் கொண்டு வந்து விட்டானோ தெரியாது. நேராக வந்து என் கால் மேல் உட்கார்ந்துகொண்டது. நீ வர வேண்டிய பக்கத்திலிருந்து வந்தது, உன் சீட்டிக்கு வந்தது. போ என்று எப்படிச் சொல்வேன்?

அது எடுத்துக்கொண்டது என்றால் இதுதான் அர்த்தம்.

அன்றைக்கு நீ பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தது எனக்கு உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும். திரும்பிப் பார்த்தபோது நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய், மறுநாளே கிளம்பிவிட்டாய். பஸ்ஸில் கூட்டம் போல, அந்த எரிச்சல் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே.

உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து மேஸ்திரிக்கு வேறு சீட்டி பழக்கப் பார்க்கிறேன். ஊதினால் தலையைத் தூக்குகிறது. யாரைக் கூப்பிடுகிறான் என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறது. யாரும் இல்லை என்று தெரிந்ததும் படுத்துக்கொள்கிறது. எலும்பைக் காட்டி ஊதினேன். எலும்புக்கு வந்தது, சீட்டிக்கு வரவில்லை. ஒன்றைப் பிடித்தால் விடாது, உன்னை மாதிரி.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. நேரில்தான் வைக்க முடியும். மிச்சச் சண்டையை இங்கே வந்து போட்டுக்கொள்.

அண்ணன்

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

ஏப்ரல் 9

அண்ணா,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் நானும் குழந்தையும் வருகிறோம். உன் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, பாதிதான் தீர்ந்திருக்கிறது. நான் அங்கே இருக்கும்வரை அந்தச் சீட்டியை யாரும் ஊதக் கூடாது. மேஸ்திரியைக் கை தட்டிக் கூப்பிடு. அப்பாவிடம் குழந்தை முன்னால் செட்டைக் கழற்ற வேண்டாம் என்று சொல். அண்ணியிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அவர் எப்போதும் சரியாகத்தான் இருக்கிறார்.

வாளியையும் தவளையையும் நன்றாகப் பழகி வை. அத்தை சொல்கிற கிறீச் வேண்டாம்.

தங்கச்சி

ஏப்ரல் 20

வாலுப் பெண்ணுக்கு,

நீங்கள் போனதிலிருந்து அப்பா வாசலுக்கும் தொழுவத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். பிள்ளை கடித்துப் போட்ட சோளக்கதிரை அண்ணி எறிய மாட்டேன் என்கிறாள். ஜன்னலில் வைத்திருக்கிறாள்.

பஸ் ஏறும்போது நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் காட்டு ஓரத்தில் நான் வாளியை இறக்கினேன், தவளையைத் துள்ள விட்டேன். ஒரு குறையும் இல்லாமல் வந்தது. பிள்ளை மண்ணைத் தின்றுகொண்டிருந்தாள். அப்பா சொன்னார் என்று கொஞ்சம் மாற்றி ஊதினேன். மண்ணைத்தான் தின்றாள். அண்ணி ஒன்று, நீ ஒன்று என்று ஆளுக்கு ஆள் ஊதினோம். செவலை திரும்பிப் பார்த்தது. பக்கத்து நிலத்துக்காரர் வேலி வரைக்கும் வந்து, "என்ன தொலஞ்சு போச்சு, நானும் தேடட்டுமா?" என்று கேட்டார். பிள்ளை மட்டும் திரும்பவில்லை. ஞாயிறும் அதே கதைதான், என் உதடு வீங்கிப்போனது. இனி ஒட்டாது, பேச்சு வந்துவிட்டது என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் நடந்ததுதான் உனக்குக் கோபமா? பொழுது சாய்கிறதே, மேஸ்திரி இன்னும் மாட்டை ஓட்டிக்கொண்டு வரவில்லையே என்ற யோசனையில் உன் சீட்டியை ஊதிவிட்டேன். வாக்குக் கொடுத்தது மறந்தே போய்விட்டது. ஊதினதும் அண்ணி மடியிலிருந்து பிள்ளை வழுக்கி இறங்கினாள். தள்ளாடித் தள்ளாடி ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அதற்கு அப்புறம்தான் மேஸ்திரி சோளத்துக்குள்ளிருந்து வந்தது. அப்பா திறந்த வாயை மூடவில்லை. நீயோ, "நாயப் பாத்து ஓடுது, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். மறுநாள் முதல் பஸ்.

அவள் ஓடி வந்தபோது நாய் கண்ணிலேயே படவில்லை. அது உனக்கும் தெரியும். எனக்குப் புரியாதது ஒன்றுதான். அந்தச் சீட்டிக்கு வர அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தரம் கேட்டதா நினைவிருக்கும்?

கோபம் என்றால் திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. போன தடவை நீ பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. அதை அப்போது சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன்.

அண்ணன்

மே 1

அண்ணா,

கோபம் இல்லை, வெட்கம்தான். அதனால்தான் எழுத இத்தனை நாள் ஆனது.

அன்றைக்கு அவள் உன் காலைக் கட்டிக்கொண்டபோது எனக்குச் சுருக்கென்றது. என் சீட்டியை நாயும் எடுத்துக்கொண்டது, இப்போது பிள்ளையும் அதற்கே போகிறாள், இனி எனக்கு என்ன மிச்சம் என்று சின்னப் பிள்ளை மாதிரி நினைத்துவிட்டேன். பஸ் முழுக்க அதே நினைப்பு. வீட்டுக்கு வந்ததும், என்ன ஆச்சு, சீட்டி வைத்தாகிவிட்டதா என்று உன் மாப்பிள்ளை கேட்டார். நடந்ததைச் சொல்லி, "நாயப் பாத்து ஓடினா" என்று முடித்தேன்.

அத்தை பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவர், "எந்தச் சீட்டிக்கும்மா ஓடினா? ஊது பாப்போம்" என்றார். ஊதினேன். கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து செருப்பைக் கடித்துக்கொண்டிருந்த குழந்தை, செருப்பைப் போட்டுவிட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றாள். இங்கே எந்த நாயும் இல்லை அண்ணா.

"இதுவா?" என்றார் அத்தை. "இது நீ துணி காயப் போடும்போது தெனமும் ஊதறதாச்சே. பிள்ளை வயித்துல இருந்தப்போலேருந்து ஊதறே. எனக்கே மனப்பாடம்."

"நான் ஊதறேனா?"

"நானும் கேட்டிருக்கேன்" என்றார் உன் மாப்பிள்ளை. "டூட்டி முடிஞ்சு வரும்போது தெருமுனையிலயே கேக்கும். சரி, நீ மாடியில இருக்கேன்னு நேரா மேல வந்துருவேன். உனக்குத் தெரியாதா?"

சத்தியமாக எனக்குத் தெரியாது. துணிக்கொடி கட்டியிருக்கிற மூலையில் நின்றால், ஊரை விட்டு வெளியே போகிற ரோடு கொஞ்ச தூரம் தெரியும். நம் பஸ் அந்த வழியாகத்தான் வரும். அங்கே நின்று, என் வாயும் என்னைக் கேட்கவில்லை போலிருக்கிறது. என்னைக் கூப்பிட ஆள் இல்லாத ஊரில் நானே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வயிற்றில் இருந்தவள் அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டாள். மேஸ்திரி எடுத்துக்கொண்ட அதே மாதிரி. நீ காட்டு ஓரத்தில் ஊதி நாயைப் பழக்கினாய், நான் மாடியில் ஊதிப் பிள்ளையைப் பழக்கினேன். இந்த அழகில் ஒரு வருஷம் நான் உன்னோடு பேசாமல் இருந்தேன். நான் திட்டினதையெல்லாம் நீ இப்போது திருப்பித் திட்டலாம். கொஞ்சம் சிக்கனமாகத் திட்டு.

ஆக, உன் மருமகளுக்குச் சீட்டி எப்போதோ வைத்தாகிவிட்டது. பேச்சு வருவதற்கு முன்னால், ஏன், பிறப்பதற்கு முன்னாலேயே. இந்தச் சந்தோஷத்தில் நேற்று அத்தை அவளை மாடி முழுக்க ஓட விட்டு, அந்த மூலையிலிருந்து ஒரு தரம், இந்த மூலையிலிருந்து ஒரு தரம் என்று ஊதி ஊதிக் கூப்பிட்டார். பக்கத்து மாடியில் பார்த்தவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

என் சீட்டியை அவளே வைத்துக்கொள்ளட்டும். மேஸ்திரியும் வைத்துக்கொள்ளட்டும், அதைப் போட்டுப் படுத்தாதே. ஒரு சீட்டி ஒருவருக்குத்தான் என்பது நம் வீட்டு விதி. அப்பா சம்மதிப்பாரா என்று கேட்டு எழுது.

மனதாரத்தான் கொடுத்தேன். ஆனால் இன்று காலை மாடிக்குப் போய், துணியை உதறிவிட்டு, உதட்டைக் குவித்தேன். இது இப்போது அவளுடையது என்று நினைவு வந்தது. வெறுமனே துணியைக் காயப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். நம் வீட்டில் பிறந்து, சீட்டி இல்லாத ஒரே ஆள் நான்தான். இந்த வயதில் இதற்கெல்லாம் அழுவார்களா என்று கேட்காதே.

தங்கச்சி

மே 12

வாலுப் பெண்ணுக்கு,

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அப்பா சிரித்த சிரிப்பில் அண்ணி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டியதாயிற்று. "அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சு, ரெண்டுக்கும் வாய் தனியா வேலை செய்யுது" என்கிறாள் அவள். உன்னைத் திட்ட உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை. நீ அங்கே மாடியில் நின்று அதை ஊதினாய் என்று நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷம்தான் வருகிறது. நான் மட்டும்தான் இங்கே அசடு மாதிரி நின்றேன் என்று நினைத்திருந்தேன்.

விதியைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். "திரும்பினவளுக்குத்தான் சொந்தம். வெச்சது யாரு, எங்க நின்னு வெச்சாங்கன்னு எங்கப்பா ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டார். நாய்? அதையும் கேட்டேன். அது இந்த வீட்டு ஆள்தானே என்கிறார். முடிந்தது.

இனி முக்கியமான விஷயம். உன் கடைசிப் பத்தியைப் படித்து முடித்ததும் அப்பா எழுந்து வெளியே போனார். தாடையைத் தேய்த்துக்கொண்டு தொழுவத்தைச் சுற்றி நடந்தார். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "அவளுக்குப் புதுசா ஒண்ணு வெக்கணும், நான் சொல்றேன், நீ ஊது" என்றார். பல் இல்லாதவர் மூக்கால் முனகிக் காட்டுகிறார், விரலால் என் தோளில் தட்டிக் காட்டுகிறார். நான் ஊதுகிறேன். "இல்லடா, அவ இவ்வளவு சாது இல்ல" என்று மாற்றுகிறார். அதை ஊதினால், "அவ இவ்வளவு சண்டைக்காரியும் இல்ல" என்று அண்ணி மாற்றுகிறாள். இருவரும் என்னை வைத்துப் போட்ட சண்டையில் என் உதடு மறுபடியும் வீங்கிவிட்டது. முந்தாநாள் ஒன்று வந்தது. ஊதி முடித்ததும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாரும் மாற்றச் சொல்லவில்லை. அப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

அது எப்படி இருக்கும் என்று கேட்டு எழுதாதே, எழுத மாட்டேன். இந்தத் தடவை வேறு யார் காதிலும் விழக் கூடாது என்று தீர்மானம். தொழுவக் கதவைச் சாத்தி, ஜன்னல் சந்தில் சாக்கை அடைத்துவிட்டுத்தான் பழகுகிறோம். அந்த நேரத்தில் மேஸ்திரியை ஓடைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போவது அண்ணியின் வேலை. பெரிய கஷ்டம் என் வாயைக் கட்டுவதுதான். சாயங்காலம் காட்டு ஓரத்தில் நிற்கும்போது அது தானாகக் குவிகிறது. கையால் பொத்திக்கொள்கிறேன்.

சோளம் அறுப்பதற்குள் வந்துவிடு. மாப்பிள்ளைக்கு லீவு வாங்கச் சொல். சம்பந்தியம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, அவருக்கும் ஒன்று வைக்க வேண்டும் என்று அப்பா சொல்கிறார். எல்லாரும் ஓடைத் திருப்பத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள். நான் காட்டு ஓரத்திலிருந்து ஊதுவேன். பிள்ளை அசையக் கூடாது, மேஸ்திரி அசையக் கூடாது. நீ மட்டும் திரும்ப வேண்டும்.

திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று அண்ணி கேட்கிறாள். திரும்பும்வரை ஊதுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்